ட்ராக் டே போறீங்களா? எஞ்சினுக்கு முன்னால பிரேக்கைப் பாருங்க!

2025 ஜனவரி 7. துபாயில் பயிற்சி ஓட்டத்தின்போது நடிகர் அஜித்குமாரின் போர்ஷே கார் தடுப்பில் மோதி, பலமுறை சுழன்று நின்றது. அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. கார் நொறுங்கியது, அவர் இறங்கி நடந்து போனார். ஐந்து நாள் கழித்து அவருடைய அணி 24 மணி நேரப் பந்தயத்தில் 991 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது.

அதற்குச் சரியாக இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2023 ஜனவரி 8 அன்று, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் இன்னொரு விபத்து. தேசிய கார் பந்தயத்தின் சலூன் பிரிவில் ஓடிய மூத்த வீரர் கே.இ.குமாரின் கார் இன்னொரு காரோடு உரசி, தளத்தை விட்டு விலகி, வேலியில் மோதித் தலைகீழாக விழுந்தது. 59 வயதான அவர் பிழைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அதே தளத்தில், பைக் பந்தயத்தில் 13 வயது பெங்களூருச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான்.

தேசியப் பந்தயம் என்றால் வாகனச் சோதனை உண்டு, லைசென்ஸ் உண்டு, தளத்தோரம் டாக்டரும் ஆம்புலன்ஸும் உண்டு. அத்தனை இருந்தும் இது நடந்தது. இப்போது கேள்வி என்னவென்றால், இதில் பாதிகூட இல்லாமல் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போய் ஓட்டும் 'ட்ராக் டே'யில் நம்ம நிலைமை என்ன?

ட்ராக் டேன்னா என்ன?

பந்தயம் இல்லை. முதல் இடம், இரண்டாம் இடம் கிடையாது. பந்தயத் தளத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, கட்டணம் கட்டியவர்களைக் குழு குழுவாகப் பிரித்து, பதினைந்து இருபது நிமிஷம் ஓட்டவிடுவார்கள். முந்துவது நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கையைக் காட்டி வழிவிட்ட பிறகு. வளைவில் உள்ளே புகுந்து முந்தினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். நல்ல ஏற்பாட்டாளராக இருந்தால், அப்படி.

குமரி மாவட்டத்தில் இதற்கான தளம் எதுவும் இல்லை. நாகர்கோவிலில் இருந்து கிளம்பினால் நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போக வேண்டும். இல்லையென்றால் சுமார் எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருங்காட்டுக்கோட்டை. இந்தத் தூரம் வெறும் டீசல் செலவு விஷயம் இல்லை. பாதுகாப்புக் கணக்கில் அதற்கு எவ்வளவு பங்கு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எடை குறைந்தால் ஆபத்தும் குறையுமா?

எடை குறைந்த கார் என்பது தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. கோவையின் கரிவரதன் 1980களின் கடைசியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி காரை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் பந்தயத்துக்குள் வந்தது அந்த வகைக் காரில்தான். செட்டிபாளையம் தளத்துக்குப் பெயரே அவர் நினைவாக வைத்தது. இன்றும் எல்ஜிபி ஃபார்முலா 4 கார்களில் இருப்பது மாருதி ஸ்விஃப்ட் எஞ்சின். வெளிநாட்டில் லோட்டஸ் எலீஸ், கேட்டர்ஹாம் போன்ற கார்கள் செய்ததும் இதே வேலைதான்: சின்ன எஞ்சின், அதைவிடச் சின்ன உடம்பு. முதல் தலைமுறை எலீஸின் எடை முக்கால் டன்னுக்கும் குறைவு. நம்ம ஊரில் அந்த இடத்தில் இருப்பவை ஸ்விஃப்ட், போலோ மாதிரியான ஹேட்ச்பேக்குகள். பின் சீட்டைக் கழற்றி, ஸ்டெப்னியை இறக்கிவிட்டால் 'லைட் வெயிட்' ஆகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய.

நன்மை உண்மைதான். 1,000 கிலோ கார் 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் சுமார் ஐந்தரை லட்சம் ஜூல் ஆற்றல் இருக்கும். பிரேக் மிதித்தால் இவ்வளவும் பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் சூடாக மாற வேண்டும். எடை குறைந்தால் சூடு குறையும், டயர் தேய்வது குறையும், வளைவில் கார் சொன்னதைக் கேட்கும்.

ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. எடையைப் பாதியாக்கினால் ஆற்றல் பாதிதான் குறையும். வேகத்தைப் பாதியாக்கினால் நான்கில் ஒரு பங்காகிவிடும். அதாவது 900 கிலோ காரில் சீட்டு, ஸ்டெப்னி, மேட் எல்லாம் கழற்றி 100 கிலோ குறைத்து, 120 ஓட்டிய இடத்தில் 128 ஓட்டினால், குறைத்த பலன் முழுக்க அங்கேயே தீர்ந்துவிட்டது. எடை குறைந்த காரில் யாரும் பழைய வேகத்திலேயே ஓட்டுவதில்லை என்பதுதான் சிக்கல்.

மோதல் என்று வந்தால் கணக்கு இன்னும் தலைகீழ். 700 கிலோ காரும் 1,400 கிலோ காரும் மோதினால், சின்னக் காரின் வேகம் பெரிய காரைவிட இரண்டு மடங்கு அதிகமாக, ஒரே கணத்தில் மாறும். அந்த உதறலை வாங்குவது உள்ளே இருப்பவரின் கழுத்து. அதனால் எஸ்யூவியையும் ஹேட்ச்பேக்கையும் ஒரே குழுவில் ஓடவிடும் ட்ராக் டே என்றால், கட்டணம் போனாலும் பரவாயில்லை என்று திரும்பி வந்துவிடலாம்.

காற்றின் கதையும் இதேதான். ஆரல்வாய்மொழி கணவாயில் ஆடி மாசக் காற்றில் வண்டி ஓட்டிய நம்ம ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும் அந்தக் காற்று லோடு லாரியை லேசாகத்தான் தள்ளும். ஆல்டோவை ஒரு சாண் நகர்த்திவிடும். பக்கவாட்டில் தள்ளும் விசை காரின் உருவத்தைப் பொறுத்தது, நகர்வது எடையைப் பொறுத்தது. திறந்தவெளி பந்தயத் தளத்தின் நேர்ப்பாதையில் 150இல் போகும்போது இதே தள்ளு வந்தால் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பத் தோன்றும். திருப்பக் கூடாது. பைய, சின்னத் திருத்தம்தான்.

காசை எதில் போடுவது?

நம்ம ஒர்க்‌ஷாப்புகளில் 'அப்கிரேடு' என்றால் வரிசை இப்படித்தான்: சைலென்சர், அலாய் வீல், எஞ்சின் ரீமேப், பின்னால் ஒரு விங். ட்ராக் டேக்கு இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பது என் கருத்து. விங்கை வரிசையிலேயே சேர்க்க வேண்டாம்.

முதலில் பிரேக் ஆயில். ஐநூறு, ஆயிரம் ரூபாய் சமாச்சாரம் என்பதாலேயே யாரும் கண்டுகொள்வதில்லை. இந்தத் திரவம் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 4 தரம் என்றால், புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். கடல் காற்று அடிக்கும் குளச்சலிலோ மணவாளக்குறிச்சியிலோ மூன்று வருஷமாக மாற்றாத ஆயிலோடு ஓடும் கார் நாகர்கோவில் டிராஃபிக்கில் ஒரு குறையும் காட்டாது. தளத்தில் நாலாவது ரவுண்டில் ஆயில் கொதித்து, குமிழி விட்டு, பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் அமுங்கும். கார் நிற்காது. அதனால் தளத்துக்குப் போகும் வாரமே ஆயிலை மாற்றுங்கள்; முடிந்தால் டாட் 5.1, அதன் கொதிநிலை 260. ஆனால் டாட் 5 என்று வெறும் ஐந்து போட்ட டப்பாவை எடுத்துவிடாதீர்கள். அது சிலிகான், வேறு சாதி. இந்த பிரேக்கில் சேராது.

அடுத்து பேட். சாலைக்கான பேட் ஒரு சூட்டுக்கு மேல் பிடியை விட்டுவிடும். தளத்துக்கான பேட் சூடானால்தான் பிடிக்கும். காலையில் வீட்டு வாசலில் எடுக்கும்போது பிடிக்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ரகத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

பிறகு டயர். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும்: 1223 என்றால் 2023இன் 12ஆவது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் வயசான ரப்பர் இறுகிப்போயிருக்கும். சூட்டில் காற்றழுத்தம் ஐந்தாறு பிஎஸ்ஐ ஏறும் என்பதால், ஓட்டி முடித்து வந்த உடனே அளந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும். (குலசேகரத்திலும் கீரிப்பாறையிலும் ரப்பர் பால் வெட்டுகிற மாவட்டத்துக்காரன் என்ற முறையில் ஒரு தகவல்: இயற்கை ரப்பர் அதிகம் சேர்வது லாரி, விமான டயர்களில். கார் டயரில் தரையைத் தொடும் பகுதியில் பெரும்பாலும் செயற்கை ரப்பரே கூடுதல்.)

வீல் நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குவது, பேட்டரியை அசையாமல் கட்டுவது, காரில் கிடக்கும் தண்ணீர் பாட்டிலையும் ஜாக்கியையும் இறக்கி வைப்பது, இதெல்லாம் காசே இல்லாத அப்கிரேடு. இவ்வளவும் முடிந்த பிறகு குதிரைத்திறன் பற்றிப் பேசலாம்.

அரைகுறை பாதுகாப்பு என்னும் ஆபத்து

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். ஆன்லைனில் நாலு பாயின்ட் ஹார்னஸ் பெல்ட் வாங்கி, ஒரிஜினல் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும். ஆனால் கால்களுக்கு நடுவே வரும் பட்டை அதில் இல்லாததால், நேர் மோதலில் தோள்பட்டை பெல்ட் இடுப்பு பெல்ட்டை மேலே இழுத்துவிடும். உடம்பு கீழே வழுக்கி, இடுப்பெலும்பு தாங்க வேண்டிய அடியை வயிறு வாங்கும். ஆறு பாயின்ட் பெல்ட் இதைச் சரிசெய்யும். அப்போது அடுத்த பிரச்சினை: உடம்பு அசையாமல் கட்டப்பட்டிருக்கிறது, ஹெல்மெட்டோடு தலை மட்டும் முன்னால் பாய்கிறது. மண்டை ஓட்டின் அடிப்பகுதி உடைவது இப்படித்தான். 2001இல் அமெரிக்க வீரர் டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகுதான், தலையைத் தோளோடு இணைக்கும் ஹான்ஸ் கருவியை உலகம் சீரியஸாக எடுத்துக்கொண்டது. ஃபார்முலா 1 அதை 2003இல் கட்டாயமாக்கியது.

ஹார்னஸ் போட்டால் ரோல் பாரும் வேண்டும். கார் கவிழ்ந்து கூரை நசுங்கும்போது, சாதாரண பெல்ட்டில் இருப்பவர் பக்கவாட்டில் சாய முடியும். ஹார்னஸில் கட்டுண்டவர் நிமிர்ந்தபடியே மாட்டிக்கொள்வார். மேல்கூரை இல்லாத கார்களுக்கு ரோல் பார் இல்லாமல் தளத்தில் இடமே கொடுக்கக் கூடாது.

சரி, ரோல் கேஜையும் போட்டுவிடலாமே? இங்கேதான் அந்த நானூறு கிலோமீட்டர் குறுக்கே வருகிறது. தளத்தில் ஹெல்மெட் இருக்கிறது. நாகர்கோவிலில் இருந்து கோவை போகும் வழியில் தலையில் ஹெல்மெட் இல்லை. தலைக்கு ஒரு சாண் தூரத்தில் இரும்புக் குழாய் இருக்கிறது. சாத்தூரில் ஒரு சின்ன மோதல் போதும். பந்தய அணிகள் காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தச் செலவு தாங்காது என்றால், கம்பெனி கொடுத்த மூன்று பாயின்ட் பெல்ட், ஏர்பேக், சீட் எதையும் தொடாமல், நல்ல ஹெல்மெட்டோடு, ஒரு படி குறைந்த வேகத்தில் ஓட்டுவதே புத்திசாலித்தனம். எல்லாம் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரிஜினலாக இருக்க வேண்டும். நடுவில் நிற்பதுதான் கொல்லும்.

சட்டமும் இன்சூரன்ஸும் என்ன சொல்கின்றன?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மீறினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காவல்கிணறு நால்வழிச் சாலையில் நண்பர்களோடு 'சும்மா ஒரு ஓட்டம்' விட்டால் அது 189ஆவது பிரிவு: முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், திரும்பச் செய்தால் ஒரு வருஷம் வரை.

ட்ராக் டே பொதுச் சாலையில் நடப்பதில்லை என்பதால் 189 அங்கே பிரச்சினை இல்லை. ஆனால் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குக் காப்பீடு செல்லாது என்று அதில் இருக்கும். 'இது பந்தயமே இல்லை சார்' என்று வாதாடிப் பார்க்கலாம். கம்பெனி கேட்காது என்று எண்ணிக்கொண்டு போவதே நல்லது. கார் மொத்தமாகப் போனால் உங்கள் காசுதான் போகும். லோன் தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தபோது, சர்வதேச அமைப்பான எஃப்ஐஏவின் பாதுகாப்புச் சான்று தாமதமானதால் முதல் நாள் நிகழ்ச்சிகள் தள்ளிப்போயின. ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அது சரியான தாமதமாகவே பட்டது: சான்று வராமல் கார் ஓடாது என்று சொல்ல அங்கே ஒருவர் இருந்தார். ட்ராக் டேயில் அந்த ஆள் பெரும்பாலும் இல்லை. அந்த வேலையைக் கட்டணம் கட்டுகிறவரே செய்ய வேண்டியிருக்கிறது. பணம் அனுப்பும் முன்பு ஏற்பாட்டாளருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்: ஆம்புலன்ஸ் தளத்திலேயே நிற்குமா, போன் பண்ணினால் வருமா? அது ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டால், அடுத்த ஆம்புலன்ஸ் வரும்வரை ஓட்டத்தை நிறுத்துவீர்களா? தீயணைப்பான் எந்தெந்த வளைவில் இருக்கிறது? கொடி காட்டுகிறவர்கள் எத்தனை பேர்? 'அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி' என்று பதில் வந்தால், போனை வைத்துவிட்டு வேறு தேதி பாருங்கள்.