சிறுபொழுதை மறந்த சிறுவர்

காரைக்குடியில் மழலையர் பள்ளியொன்றிற் பயிலும் சிறுமியிடம், "எற்பாடு என்பது எப்பொழுது?" என்று வினவினேன். விழித்தாள். 'ஈவினிங்' என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. குற்றம் அவளதன்று, கற்பித்தாரது.

நாளின் 60 நாழிகையை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என ஆறு சிறுபொழுதாகப் பகுத்தனர் நம் முன்னோர். ஒவ்வொன்றும் 10 நாழிகை. அஃதாவது 4 மணி. எல் என்பது ஞாயிறு. பாடு என்பது சாய்தல். எனவே, பிற்பகல் 2 முதல் 6 வரை எற்பாடு. சொல்லே பாடமாக நிற்கிறது! அதை எறிந்துவிட்டு, பிற்பகலிலேயே இருளும் அயல்நாட்டுக் குளிர்காலப் படங்களைக் காட்டுகின்றனர். நம்மூரிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ 3 நாழிகையே.

செட்டிநாட்டு வீட்டு முற்றத்தினும் சிறந்த பாடநூல் உண்டோ? அங்கு ஒரு கோலை நேராக நிறுத்துங்கள். அதன் நிழல் குறுகுவதையும் நீள்வதையும் குழந்தை சுண்ணக்கட்டியாற் குறிக்கட்டும். மேழத் தொடக்கத்தில் ஏப்பிரல் 16ஐ ஒட்டியும், மடங்கலில் ஆகத்து 26ஐ ஒட்டியும், நண்பகல் 12.15 மணியளவில் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும். கோலின் நிழல் அறவே மறையும். அவ் வியப்பை எந்த வண்ணப்படம் தரும்?

தமிழ்ப் பெற்றோரே! பள்ளி கற்பிக்கட்டும் எனக் காத்திராதீர். நாளை வைகறையிலேயே குழந்தையை எழுப்பி, கீழ்வானைக் காட்டி, அப்பொழுதின் பெயரைச் சொல்லுங்கள். சொல் மறைந்தால், அது காட்டிய பொழுதும் கண்ணினின்று மறையும்.