சொன்னது: எங்க ஆயா

பக்கத்து வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ‘நம் பகுதி நீர்நிலைகள்’ என்று பள்ளிக்கூடத்தில் ஒரு புராஜெக்ட். தினமும் சாயங்காலம் ஆயா பக்கத்தில் உட்கார்ந்து, தெருக்கோடி ஏரியின் கதையைக் கேட்டு எழுதினாள். எந்த மதகுத் தண்ணீர் யார் வயலுக்குப் போனது, எந்த வருஷ மழையில் கலங்கல் வழிந்தது, இப்போது அடுக்குமாடி நிற்கிற இடத்தில் என்ன பயிர் வைத்தார்கள் என்று எட்டுப் பக்கம். கடைசியில், ‘சொன்னது: எங்க ஆயா’ என்று ஆயாவின் பெயரையும் போட்டிருந்தாள்.

பத்துக்கு ஐந்து மார்க். ஆயா பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

அதே வகுப்புப் பையன் ஒருவனுக்கு ஒன்பது மார்க். அவனுடையதையும் வாங்கிப் பார்த்தேன். விக்கிபீடியா பக்கத்தை அப்படியே பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டிருந்தான். நீல எழுத்துகள்கூட நீலமாகவே இருந்தன. வரிக்கு வரி சதுர அடைப்புக்குள் குட்டிக் குட்டி எண்கள். அந்த எண்கள் எதற்கு? ‘இந்தத் தகவலை எங்கிருந்து எடுத்தோம், கீழே பார்’ என்று சொல்வதற்காக. கீழே இருந்த பட்டியலை மட்டும் விட்டுவிட்டான். முகப்பில் கொட்டை எழுத்தில் அவன் பெயர்.

பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. எட்டு வருஷமாகச் சொல்லிக்கொடுத்ததைத்தானே செய்தான்?

‘எங்கள் வீட்டுப் பசு’ என்று போர்டில் கட்டுரை எழுதிப் போடுகிறோம். வீட்டில் பசுவே இல்லாத நாற்பது பிள்ளைகளின் நாற்பது நோட்டிலும் அதே வெள்ளைப் பசு. ஒரு குழந்தை துணிந்து, ‘எங்க வீட்ல பூனைதான் இருக்கு’ என்று எழுதினால் தப்பு போடுகிறோம். பேச்சுப் போட்டிக்கு டீச்சர் எழுதித் தருவதை மனப்பாடம் செய்து, கையை ஆட்டிப் பேசினால் பரிசு. நானும் வாங்கியிருக்கிறேன், ஏழாம் வகுப்பில், ஒரு எவர்சில்வர் டம்ளர். பேச்சை எழுதிய தமிழய்யாவுக்குக் கைதட்டல்கூடக் கிடைக்கவில்லை. அது தப்பு என்று எனக்குத் தோன்றவும் இல்லை. இது போதாதென்று ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா டைப் அடிக்கிறார், அம்மா படம் ஒட்டுகிறார், பிள்ளை தூங்குகிறது. காலையில் அதன் பெயரில் புராஜெக்ட் தயார்.

இப்படி வளர்த்துவிட்டு, ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்ததும் பிடித்துக்கொள்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, ஆய்வேட்டில் 10 சதவிகிதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. விதி சரிதான். ஆனால், அதுவரை பரிசு வாங்கித் தந்த காரியம் திடீரென்று எப்படிக் குற்றமானது என்று அந்த மாணவன் கேட்டால், யார் பதில் சொல்வது?

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் வழக்கம் சார், நமக்கு அறிவு பொதுச் சொத்து’ என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். அவர் தமிழ்ப் பேராசிரியர் என்பதுதான் வேடிக்கை. தொல்காப்பியத்தைத் திறந்தால் ‘என்ப’, ‘என்மனார்’ என்று வந்துகொண்டே இருக்கிறதே, என்ன அர்த்தம்? ‘இதை நான் கண்டுபிடிக்கவில்லை, முன்னே இருந்தவர்கள் சொன்னார்கள்’ என்பதுதானே? முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என்று நன்னூல் வகை பிரித்துவைத்திருக்கிறது. உ.வே.சா. தான் பதிப்பித்த நூல்களின் முன்னுரையில், ஏட்டுச் சுவடி கொடுத்து உதவியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுதினார். பொதுச் சொத்து வாதமும் நிற்காது. 1949-ல் அன்றைய சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புகளுக்கான உரிமையை வாங்கி, பிறகு மக்களுக்கே விட்டுவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதற்காகப் பாரதி பாட்டுக்குக் கீழே என் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வேறு வந்துவிட்டது. அது எழுதித் தருவதைப் பிடிப்பது சுலபமில்லை. பிடிக்கிற மென்பொருளை நம்பி உட்கார்ந்தால், சொந்தமாக எழுதிய பிள்ளையும் சேர்ந்து மாட்டும். அதனால் பிடிப்பதை விடுங்கள், கற்றுக்கொடுங்கள் என்கிறேன்.

கஷ்டமான பாடம் ஒன்றும் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டே கேள்வி போதும். ‘இது உனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னாங்க?’ அம்மா சொன்னாங்க, பாடப் புத்தகத்தில் இருந்தது, நானே பார்த்தேன், போனில் தேடினேன் என்று எதை வேண்டுமானாலும் எழுதட்டும். பெரிய வகுப்பில் புத்தகம், ஆசிரியர், வருஷம், பக்கம் என்று வளர்த்துக்கொள்ளலாம். அடுத்தவர் வரியை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி போட வேண்டும், சொந்த வார்த்தையில் சொன்னாலும் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது ஆறாம் வகுப்புக்கே புரியும்.

2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது எட்டாம் வகுப்பு வரை 40 மதிப்பெண்ணை வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கினார்கள். செயல்பாடுகள் எல்லாம் அதில்தான் வருகின்றன. அதில் இரண்டு மார்க்கை இந்த ‘யார் சொன்னாங்க’வுக்குக் கொடுங்கள். அரசாணை எல்லாம் வேண்டாம். ஸ்பைரல் பைண்டிங்குக்கும் கலர் பிரின்டுக்கும் போடுகிற மார்க்கை நிறுத்தினாலே அந்த இரண்டு மார்க் மிச்சமாகும்.

‘ஐம்பது பேர் இருக்கிற வகுப்பில் இதையெல்லாம் யார் சார் பார்க்கிறது?’ என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். ஆனால், அந்த ஆயா பெயரைப் பார்த்து, படித்து, கோடு போட நேரம் இருந்ததே. அதே நேரத்தில் ஒரு ‘டிக்’ போட்டிருக்கலாம்.