யானையைக் கைமாற்ற இத்தனை வாசல்களா?



எங்கள் ஊர்க் கோயிலுக்கு மறுபடி யானை கொண்டுவர வேண்டும் என்று உபயதாரர்கள் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். "இப்போது சட்டமே இடம் கொடுக்கிறதே" என்கிறார்கள். அது பொய்யில்லை என்பதுதான் வருத்தம்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு யானையும் இருக்கிறது. வளர்ப்பு யானையை விற்கக் கூடாது, வணிக நோக்கில் கைமாற்றக் கூடாது என்பது 43ஆம் பிரிவு. அது இருந்தபோதே தானம், குத்தகை என்று எழுதி அசாமிலிருந்து யானைகள் இங்கே வந்தன. அந்த ஓட்டையை அடைப்பார்கள் என்று பார்த்தால், 2022 திருத்தத்தில் உரிமைச் சான்றிதழ் உள்ளவர் 'சமயம் அல்லது வேறு எந்த நோக்கத்துக்காகவும்' யானையைக் கைமாற்ற வழிவிட்டார்கள்.

2024 மார்ச்சில் விதிகளும் வந்தன. உரிமையாளரால் பராமரிக்க முடியவில்லையா, சரி. போகிற இடத்தில் யானை இன்னும் நன்றாக இருக்குமா, அதுவும் சரி. இரண்டும் இல்லையென்றாலும், தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு நியாயம் என்று பட்டால் போதும். இதில் அடங்காத காரணம் ஏதாவது மிச்சமிருக்கிறதா?

யானையின் மரபணு விவரத்தைப் பதிய வேண்டுமாம். நல்ல விதிதான். ஆனால் எந்தக் காட்டில் எந்தத் தாயிடமிருந்து பிரித்துப் பிடித்தார்கள் என்பதை அந்தப் பதிவு மட்டும் சொல்லிவிடாது. கைமாற்றுவது சுலபமானால் குட்டிக்குக் கிராக்கி கூடும். 22 மாதம் சுமந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே குட்டி ஈனும் விலங்கு அது.

'நன்றாக இருக்கும்' என்கிறார்களே, துதிக்கையில் காசு வைக்கிறவர்கள் ஒருமுறை குனிந்து அதன் காலைப் பார்க்கட்டும். கல்தரையிலேயே நின்று நகம் வெடித்திருக்கும், சங்கிலி உரசிய இடம் காய்த்துப்போயிருக்கும். பாகனைத் திட்டிப் பயனில்லை; நிற்க மண்தரை கொடுக்காதது அவர் குற்றமா?

கோயில்கள் இனிப் புதிதாக யானை வாங்கக் கூடாது என உத்தரவிடும்படி 2023இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுக்குச் சொன்னது. தலைமை வன உயிரினக் காப்பாளர் மாநில அரசின் அதிகாரிதான். ஆகவே மத்திய அரசு அந்த 'வேறு எந்த நோக்கம்' என்பதை நீக்கும்வரை, தமிழ்நாட்டுக்குள் யானை வர எந்த அனுமதியும் தரக் கூடாது. 2024க்குப் பிறகு அனுமதி கொடுத்திருந்தால், எந்த யானை, யாரிடமிருந்து யாருக்கு, என்ன காரணம் என்ற பட்டியலை வனத்துறை பொதுவில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தென்காசி மாவட்டம்.