பசியை அளக்கும் படி எது?
மராட்டிய வறட்சியும் மும்பைக்குப் பிழைக்க வந்தவர்களும்

மும்பையில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் குமாஸ்தாக்கள் தங்கள் சம்பளச் சீட்டில் தொழில் வரி என்று 200 ரூபாய் பிடிக்கப்படுவதைப் பார்த்திருப்பார்கள். பிப்ரவரி மாதம் மட்டும் 300 ரூபாய். ஆண்டுக்கு 2,500 ரூபாய். (25,000 ரூபாய் வரை வாங்கும் பெண்களுக்கு விலக்கு உண்டு.) இந்த வரி ஏன் வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1972-ல் மராட்டிய மாநிலத்தை வாட்டிய வறட்சியின் விளைவாக வந்த வரி இது. கிராமத்தில் வேலையின்றிப் பட்டினி கிடப்பவருக்கு வேலை கொடுக்க, நகரத்தில் சம்பளம் வாங்குபவர் ஒரு பங்கு தரவேண்டும் என்று 1975-ல் போடப்பட்டது.

வறட்சி வந்தால் உதவி செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எந்த ஊரில், எந்த மாதத்தில், யாருக்குப் பசி என்பதை அரசாங்கம் எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதே கேள்வி. அளக்கும் படி தவறினால் உதவியும் தவறிவிடும்.

தாது வருஷத்துப் பாடம்

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றித் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் பெரியவர்கள் சொல்வதுண்டு. அதே பஞ்சம் பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதியையும் சூறையாடியது. 1877-ல் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற வெள்ளைக்கார அதிகாரி, நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். தக்காணத்து மக்கள் அந்தக் கூலியை ஏற்க மறுத்து வேலைத்தளங்களை விட்டு வெளியேறினார்கள்.

அந்தப் பெருஞ்சாவுக்குப் பிறகு 1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. அதையொட்டிப் பஞ்ச விதிகள் எழுதப்பட்டன. அவற்றில் 'சோதனை வேலை' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு தாலுகாவில் பஞ்சம் என்று சந்தேகம் வந்தால் கலெக்டர் அங்கே கல்லுடைக்கும் வேலையைத் திறப்பார். குறைந்த கூலிக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தால் பஞ்சம் உண்மை. வராவிட்டால் பஞ்சம் இல்லை. இரக்கமில்லாத முறைதான். ஆனாலும் பயிரையும் மேகத்தையும் பார்க்காமல் அது மனிதரைப் பார்த்தது.

50 லட்சம் பேர்

மனிதரைப் பார்க்கும் அந்த முறையை மராட்டியம் பின்னாளில் பெரிய அளவில் கையாண்டது. 1970-லிருந்து மழை குறைந்துகொண்டே வந்து, 1972-ல் அடியோடு பொய்த்தது. மாநிலத்தின் தானிய விளைச்சல் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. அகமத்நகர், பீட், உஸ்மானாபாத், அவுரங்காபாத் மாவட்டங்கள் காய்ந்து கிடந்தன. அமெரிக்காவிலிருந்து வந்த மைலோ என்ற சிவப்புச் சோளம் ரேஷனில் கொடுக்கப்பட்டது.

அப்போது முதலமைச்சராக இருந்தவர் வசந்தராவ் நாயக். சாலை, கரை, ஏரி வேலைகள் ஊர்தோறும் திறக்கப்பட்டன. 1973 மே மாதத்தில் அந்த வேலைகளில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் இருந்தார்கள். பெண்களும் பெருந்திரளாக வந்தார்கள். துயரம் பெரிது. ஆனாலும் தாது வருஷத்தைப் போல மக்கள் கொத்துக் கொத்தாகச் சாகவில்லை.

இதற்கு முன்பே, 1965-ல், வி.எஸ்.பாகே என்ற தலைவரின் யோசனைப்படி சாங்லி மாவட்டம் தாஸ்காவில் வேலை கொடுக்கும் திட்டம் ஒன்று தொடங்கியிருந்தது. வறட்சிக்குப் பிறகு அந்த யோசனை 1977-ல் வேலை உறுதிச் சட்டமாகி, 1979 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்தது. இதன்படி வேலை கேட்பது ஏழையின் உரிமை ஆயிற்று. வறட்சி என்று அரசாங்கம் அறிவிக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. 2005-ல் நாடு முழுமைக்கும் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்துக்கு இதுவே முன்னோடி.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த நூறு நாள் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டத்தை நிறைவேற்றியது. நாட்கள் 125 ஆகக் கூட்டப்பட்டுள்ளன. ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் மத்திய அரசு ஆண்டுதோறும் ஒதுக்கீட்டை நிர்ணயிக்கும். அதற்குமேல் ஆகும் செலவு மாநிலத்தின் பொறுப்பு. மழை பொய்த்த ஆண்டில் வேலை கேட்டு இரண்டு மடங்கு ஆட்கள் வந்தால் பணம் எங்கிருந்து வரும்? இந்தச் சட்டத்துக்கு உண்மையான சோதனை அப்போதுதான்.

பைசா கணக்கும் செயற்கைக்கோளும்

வறட்சியை அறிவிப்பதற்கு நெடுங்காலம் இருந்தது ஆனேவாரி முறை. மராட்டியத்தில் பைசேவாரி என்பார்கள். நல்ல விளைச்சலை ஒரு ரூபாய் என்று வைத்து, ஊரின் விளைச்சல் 50 பைசாவுக்குக் கீழே போனால் நிவாரணம். இதில் ஒரு குறை உண்டு. அறுவடைக் காலம் வந்தால்தான் கணக்குப் போட முடியும். அதற்குள் கூலிக்காரர் ஊரை விட்டுப் போயிருப்பார்.

2016-ல் மத்திய அரசு புதிய வறட்சிக் கையேடு வெளியிட்டது. மழையளவு, செயற்கைக்கோள் காட்டும் பசுமை, மண்ணின் ஈரம், நீர்நிலைகளின் இருப்பு ஆகியவற்றைக் கொண்டு அளக்கும் முறை வந்தது. 2018 அக்டோபரில் மராட்டியம் 151 தாலுகாக்களில் வறட்சி என்று அறிவித்தது. 2023 அக்டோபர் 31 அன்று 40 தாலுகாக்கள் மட்டுமே பட்டியலில் இடம்பெற்றன. விடுபட்ட ஊர்களிலிருந்து கூக்குரல் எழுந்தது. சில நாட்களிலேயே மேலும் தொள்ளாயிரத்துக்கும் அதிகமான வருவாய் வட்டங்களுக்குச் சலுகைகள் அறிவிக்கப்பட்டன.

பட்டியலில் பெயர் இருந்தால் கடன் வசூல் நிறுத்தம், பம்புசெட் மின் கட்டணச் சலுகை, மாணவர்களுக்குத் தேர்வுக் கட்டண விலக்கு, குடிநீர் லாரி எல்லாம் உண்டு. பெயர் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. வாய்க்கால் ஓரத்துக் கரும்பு மேலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும். பக்கத்துக் குடிசையில் உலை ஏறாதது தெரியாது.

ரயிலில் போன தண்ணீர்

2016 ஏப்ரலில் மீரஜிலிருந்து லாத்தூருக்கு ரயிலில் தண்ணீர் போனது. முதல் ரயிலில் 10 வாகன்கள், 5 லட்சம் லிட்டர். பிறகு 50 வாகன்கள் போயின. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கும் இப்படித்தான் தண்ணீர் போயிற்று. ரயில்வேக்காரர்களின் உழைப்பு பாராட்டத் தக்கது. ஆனால் லாத்தூரில் தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றி மார்ச் மாதமே 144 தடை உத்தரவு போடும் நிலை வந்துவிட்டது. ரயில் வந்தது அதற்குப் பிறகுதான்.

எச்சரிக்கை கிடைத்தும் கை நீளாத கதை மற்ற நாடுகளிலும் உண்டு. சோமாலியாவில் பஞ்சம் வரும் என்று 2010 முடிவதற்குள்ளேயே கண்காணிப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள். 2011 ஜூலை 20 அன்றுதான் ஐ.நா. பஞ்சம் என்று அறிவித்தது. மாண்டவர்கள் சுமார் 2,60,000 பேர் என்பது மதிப்பீடு. 1985 முதல் உலகின் பஞ்சப் பகுதிகளைக் கவனித்துவந்த அமெரிக்க எச்சரிக்கை அமைப்பே, அந்நாட்டு அரசு உதவியை நிறுத்தியதால் 2025 ஜனவரியில் சில மாதங்கள் முடங்கிப்போயிற்று.

வந்தவர் எந்தக் கணக்கில்?

வறட்சியைக் கண்காணிப்பவர்கள் எல்லோரும் கிராமத்தையே பார்க்கிறார்கள். ஊரை விட்டுப் போனவரை யாரும் எண்ணுவதில்லை. பீட் மாவட்டத்தார் தீபாவளியை ஒட்டிக் கரும்பு வெட்டப் போகிறார்கள். 1972-ல் மராத்வாடாவிலிருந்து வந்த குடும்பங்கள் மும்பைக் குடிசைகளில் ஒதுங்கின. அதற்கு முன்பே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த தமிழர்களிலும் வானம் பார்த்த பூமியை விட்டு வந்தவர்கள் ஏராளம். ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். இங்கே ஆள் இருப்பார், பட்டியலில் பெயர் இருக்காது.

இந்தக் குறையை ஓரளவு தீர்ப்பது 'ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு' திட்டம். 2020 அக்டோபரில் தமிழ்நாடு இதில் சேர்ந்தது. 2022-க்குள் எல்லா மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. தமிழ்நாட்டுக் கார்டில் பி.எச்.எச். என்று முன்னுரிமைக் குறியீடு உள்ளவர்கள், தாராவியிலோ செம்பூரிலோ உள்ள ரேஷன் கடையில் ஆதார் எண்ணும் கைரேகையும் கொடுத்துத் தலைக்கு 5 கிலோ தானியம் இலவசமாகப் பெறலாம். அந்தியோதயா கார்டானால் குடும்பத்துக்கு 35 கிலோ. இங்கிருப்பவர் தம் பங்கை இங்கே வாங்கினாலும் மிச்சப் பங்கை ஊரில் உள்ள குடும்பம் வாங்கிக்கொள்ளலாம். என்.பி.எச்.எச். என்று இருந்தால் இங்கே செல்லாது. தமிழ்நாடு அரசு தன் செலவில் கொடுக்கும் பருப்பும் பாமாயிலும் இங்கே கிடைக்காது.

2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. வறட்சிப் பகுதியில் ரேஷன் கார்டு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் குடும்பத்துக்கும் தானியம் மறுக்கக் கூடாது, கோடை விடுமுறையிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடவேண்டும் என்பது அதன் சாரம். அந்த நியாயம் வறட்சிக்குத் தப்பி நகரத்துக்கு வந்தவருக்கும் பொருந்த வேண்டும்.

செயற்கைக்கோள் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதனுடன் வேறு சிலவற்றையும் மாதந்தோறும் பார்க்க வேண்டும். வேலை கேட்டு எத்தனை பேர் வந்தார்கள், கேட்டும் கிடைக்காமல் திரும்பியவர்கள் எத்தனை பேர், சந்தையில் சோளத்தின் விலை என்ன, எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது, வெளியூர்க் கார்டுக்கு மும்பைக் கடைகளில் எவ்வளவு தானியம் போயிற்று? இவற்றில் பெரும்பாலான கணக்குகள் அரசாங்கக் கணினிகளிலேயே இருக்கின்றன. சேர்த்துப் பார்த்து, வாரந்தோறும் வெளியிட்டு, எண்ணிக்கை கூடிய ஊருக்கு அறிவிப்புக்குக் காத்திராமல் வேலையும் தானியமும் அனுப்பினால் போதும்.

50 ஆண்டுகளாகத் தொழில் வரி கட்டிவரும் மும்பைவாசிகளுக்கு இதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.