எந்த வாள் வாங்கலாம்?

சென்ற மாதம் என் தங்கையிடமிருந்து டெலிபோன் வந்தது.

"அக்கா, ஒரு மிஷின் வாங்க வேண்டும். நாலு இடத்தில் விசாரித்துச் சொல்ல உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?" என்றாள்.

மிஷின் என்றால் எனக்குத் தெரிந்தவை மூன்றுதான்: தைக்கிறது, துவைக்கிறது, அரைக்கிறது. "எத்தனை லிட்டர் அரைக்க வேண்டும்?" என்று கேட்டு வைத்தேன்.

"அரைக்கிறதில்லை அக்கா, அறுக்கிறது. மரம் அறுக்கிற செயின் சா!"

தங்கை வாழ்க்கைப்பட்டிருப்பது மன்னவனூரில். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக இன்னும் முப்பது கிலோ மீட்டருக்கு மேல் மலைக்குள்ளேயே போக வேண்டும். ஏரியும், புல்வெளியும், ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையும் உள்ள அழகான ஊர். அவள் புருஷனுக்குப் பூண்டும் உருளைக்கிழங்கும்தான் விவசாயம். விவசாய வேலை இல்லாத நாட்களில் மரம் அறுக்கப் போவார். அங்கே அறுக்க மரத்துக்கா பஞ்சம்? தோல் பதனிடப் பட்டைக்கு ஆகும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த வாட்டில் மரம், புல்வெளியையெல்லாம் விழுங்கிக்கொண்டு நிற்கிறது. வேர் ஆழம் போகாத மரம். பலத்த காற்று அடித்தால் சாலையில் படுத்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையையும் ஓர் உலுக்கு உலுக்கியபோது, விழுந்த மரங்களை அறுத்துச் சாலையைத் திறந்துவிட்டவை இந்த மிஷின்கள்தான். (நினைத்தபடி அறுத்துவிட முடியாது. மலைப் பகுதி மரங்களுக்கென்றே 1955-இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். சொந்த நிலத்து மரமானாலும் முதலில் அனுமதி விஷயத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும்.)

டெலிபோனில் ஆகிற காரியமில்லை என்று நேரிலேயே கிளம்பிவிட்டேன்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை. புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. தங்கை காப்பி கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளை தம்ளரை ஒரு கையால் எடுக்கவில்லை. இரண்டு கைகளாலும் அணைத்து எடுத்தார். குளிருக்காக என்று நினைத்தேன்.

"அவர் விரலைப் பார் அக்கா" என்றாள் தங்கை, மெதுவாக.

வலது கையில் இரண்டு விரல்கள் நுனியிலிருந்து பாதி வரை சுண்ணாம்பு தடவியது போல் வெளுத்திருந்தன. "கிள்ளினால்கூடத் தெரியாது, மதினி. வெயில் ஏறினால் சரியாகிவிடும்" என்று சிரித்தார் அவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வருஷக் கணக்காக மிஷினின் அதிர்ச்சி கைக்குள் இறங்கினால், விரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய்களும் நரம்புகளும் கெட்டுப் போகின்றன. குளிர் பட்டவுடன் விரல் வெளுத்துவிடும். ஜப்பானிலும் பிரிட்டனிலும் 1960-களிலேயே காட்டுத் தொழிலாளர்களிடம் இதைக் கண்டு டாக்டர்கள் எச்சரித்தார்கள். முற்றிவிட்டால் முழுக்கத் திரும்புவதில்லை. மாப்பிள்ளையின் மிஷின், யாரோ உபயோகித்ததை வாங்கியது. கைப்பிடிக்கும் இஞ்சினுக்கும் நடுவே அதிர்ச்சி தாங்க வைத்திருந்த ரப்பர்கள் எப்போதோ இற்றுப் போய்விட்டன. இப்படியிருக்க, அடுத்ததாக அவர் வாங்க நினைத்ததோ இதைவிடப் பெரிய மிஷின்!

அன்றே விவரத் தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க ஸ்வாரஸ்யம். பல் வைத்த சங்கிலியை முதலில் உபயோகித்தவர்கள் மரம் வெட்டிகள் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து டாக்டர்கள் இருவர்! பிள்ளை பிறக்க முடியாமல் தவிக்கும் தாயின் இடுப்பெலும்பை அறுப்பதற்காகவாம். சிவ சிவா, அந்தக் காலத்தில் நாம் பிறக்காமல் போனோம்! இன்று பேர் பெற்ற ஸ்வீடன் தேசத்து ஹஸ்க்வர்னா கம்பெனி 1689-இல் துப்பாக்கித் தொழிற்சாலையாக ஆரம்பித்து, 1872-இல் நம் சிநேகிதியான தையல் மிஷினுக்கு வந்து, 1959-இல்தான் மர வாளுக்கு வந்தது. ஜெர்மனியின் ஸ்டில் கம்பெனிக்காரரோ 1926-லேயே மின்சார வாள் செய்துவிட்டார்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒரு புழுவின் கதை. 1946-இல் அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்பவர் விறகு பிளக்கும்போது, ஒரு வண்டின் புழு மரத்தைக் குடைந்துகொண்டு போவதைக் கவனித்தார். பழைய வாள் பல் மரத்தைச் சுரண்டும். இந்தப் புழுவோ வலம் ஒரு கடி, இடம் ஒரு கடி என்று மாற்றி மாற்றிச் செதுக்கியது. அதைப் பார்த்து அவர் செய்த சங்கிலியின் அமைப்புதான் இன்றைக்கும் பெரும்பாலான செயின் சாக்களில் ஓடுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தொழில் செய்கிறவர்களுக்கென்று நடுத்தர அளவில் இரண்டு வகை. ஒன்று 50 சி.சி., அதாவது ஒரு காலத்தில் நம் தெருவில் ஓடிய சின்ன மொபெட் இஞ்சின் அளவு. மற்றது 60 சி.சி. சின்னதில் ஸ்டில் எம்.எஸ். 261-ம், ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்.பி.-யும் இரண்டுமே 3 கிலோவாட் சக்தி. நாலு குதிரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னதன் எடை 4.9 கிலோ, பின்னதன் புது மாதிரி 5.3 கிலோ. பெரியதில் ஸ்டில் எம்.எஸ். 362-ம், ஹஸ்க்வர்னா 560 எக்ஸ்.பி.-யும் 3.5 கிலோவாட், எடை ஐந்தரைக் கிலோவிலிருந்து ஆறு கிலோவுக்குள். இந்த எடைகளை நம்பிவிடாதீர்கள். சங்கிலி, அதைத் தாங்கும் நீளத் தகடு, பெட்ரோல், எண்ணெய் எல்லாம் சேர்ந்தால் இன்னும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஏறும். எலும்பை எடைபோட்டு ஆளை வர்ணித்த கதைதான்.

"பெரியதுதான் சரி மதினி, சீக்கிரம் வேலை முடியும்" என்றார் மாப்பிள்ளை.

அங்கேதான் மலை குறுக்கிட்டது. மன்னவனூரில் பருப்பு வேக நேரமாகும் என்பது தங்கை வீட்டுக்கு விருந்து போனவர்களுக்கெல்லாம் தெரியும். ஆறாயிரம் அடிக்கு மேல் காற்று மெலிந்துவிடுகிறது. பருப்புக்கு நேர்வதுதான் இஞ்சினுக்கும்: ஐந்தில் ஒரு பங்கு சக்தி குறைந்துவிடும். பெட்ரோல் மட்டும் பழைய அளவே வந்தால், காற்றுப் போதாமல் புகையும் திணறலும்தான். கார்பரேட்டர் திருகை இந்த உயரத்துக்குத் தக்கபடி திருப்ப வேண்டும். அப்படித் திருப்பியதை மறந்து வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோய் முழு வேகத்தில் ஓட்டினாலோ, சூடேறி பிஸ்டனே கீறிப் போகும். இந்தச் சரிக்கட்டலைத் தானாகவே செய்துகொள்ளும் மாதிரிகள் இரண்டு கம்பெனியிலும் உண்டு. மலைக்கும் கீழ்நாட்டுக்கும் போய் வருகிறவர் அதைக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

ஊரில் மரம் அறுக்கும் பெரியவர் ஒருவரிடம் 50, 60 இரண்டுமே இருந்தன. புயலில் விழுந்து கிடந்த வாட்டில் மரத்தில் மாப்பிள்ளை இரண்டையும் பிடித்துப் பார்த்தார். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்றோம். அடிமரத்தில் பெரியது கொஞ்சம் முந்தியது, வாஸ்தவம். ஆனால் கிளை கழிக்க ஆரம்பித்ததும் கதை மாறியது. ஒரு மரத்துக்கு இரண்டு அறுப்பு அடியில் என்றால், இருபது அறுப்பு கிளையில். குனிந்து, நிமிர்ந்து, சரிவில் கால் ஊன்றி, ஒவ்வொரு தரமும் அந்த எடையைத் தூக்க வேண்டும். அரை மணி கழித்து, பெரியதைத் தாமாகவே கீழே வைத்தார்.

"வேகமா முக்கியம்? சாயங்காலம் வரைக்கும் கை சொன்னபடி கேட்கணும் தம்பி" என்றார் பெரியவர். "கை அசந்தால் நுனி எங்காவது இடிக்கும்."

தகட்டின் நுனியில் மேல் பாதி மரத்தில் பட்டால் வாள் முகத்தை நோக்கி எகிறும். சங்கிலியோ விநாடிக்கு இருபது மீட்டருக்கு மேல் ஓடுகிறது. முன்கைக்கு எதிரே உள்ள பிரேக் கண் இமைப்பதற்குள் அதை நிறுத்த வேண்டும். மாப்பிள்ளையின் பழைய மிஷினில் அந்த பிரேக் எங்கே என்று பார்த்தேன். கம்பி போட்டுக் கட்டியிருந்தது! "அடிக்கடி விழுந்து தொந்தரவு கொடுத்தது" என்றார். தங்கை அவரைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டதற்குப் பெரியவர் கீழே சிதறியிருந்த தூளை அள்ளிக் காட்டினார். பல் கூராக இருந்தால் மரம் தேங்காய்த் துருவல் போல் சீவலாக விழும். மழுங்கினால் கோதுமை மாவாகக் கொட்டும். மாவு கொட்டுகிற வாளை அழுத்தி அறுக்க வேண்டியிருக்கும். இஞ்சினும் கெடும், அதிர்ச்சியும் கூடும், விரலும் போகும். பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய் அளந்து கலக்க வேண்டும், கண்ணளவு கூடாது. காற்று வடிகட்டியைத் தினம் தட்ட வேண்டும். சங்கிலிக்குப் பழைய இஞ்சின் எண்ணெயை ஊற்றுவது சிக்கனமில்லை, கஞ்சத்தனம். கம்பெனிப் பெயரைவிட, அதிர்ச்சி தாங்கும் ரப்பர் முதலான சாமான்கள் கிட்டத்தில் கிடைக்குமா என்பதைப் பாருங்கள். கீழே இறங்கி மதுரைக்கு வந்துதான் வாங்க வேண்டுமென்றால் கம்பி கட்டுகிற வைத்தியம்தான் நடக்கும்.

இரண்டு கம்பெனியில் எது என்று கேட்பீர்கள். இந்த அளவில் இரண்டும் நல்லவை. நான் சொன்னது, 50 சி.சி.யில் எதற்குப் பக்கத்தில் பழுது பார்க்க ஆள் உண்டோ அது.

அப்படியே வாங்கிவிட்டார்கள். பெரிய மிஷினுக்கென்று எடுத்து வைத்த பணத்தில் மிச்சமானதைக் கொண்டு தங்கை காது மூடியும், கனமான கையுறையும், உருட்டு அரமும் சேர்த்து வாங்கினாள். மரம் அறுத்துவிட்டு மாப்பிள்ளை வீடு திரும்பினால் சட்டைப் பையில் ஒரு பிடி தூள் கொண்டுவர வேண்டும் என்பது அவள் உத்தரவு. மாவாக இருந்தால் அரம் போட்டுப் பல்லைத் தீட்டிய பிறகுதான் காப்பி. கொடைக்கானல் டாக்டரிடமும் விரலைக் காட்டியாயிற்று; பனிக்காலம் முடியும் வரை மிஷினைத் தொடக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். அதனால் புது வாள் இப்போது தங்கையின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில், பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.