கொல்லைப்புறத் தோட்டம்: வேரில் மணி கோத்தாற்போல் முடிச்சா?

ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறேன். ஆனாலும் மத்தியானமானால் கத்தரியும் வெண்டையும் துவண்டு போகின்றன, சாயங்காலம் நிமிர்கின்றன. இலையெல்லாம் மஞ்சள். உரமும் போட்டாச்சு. என்னதான் குறை?"

குறை இலையில் இல்லை, சகோதரி. ஒரு செடியை மண்ணோடு மெதுவாகத் தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் வேரை அலசிப் பாருங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் நுனி வேர் மண்ணிலேயே தங்கிவிடும். வேர் அங்கங்கே வீங்கி, மணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. புழு என்றதும் தேடாதீர்கள், கண்ணுக்குத் தெரியாது. குஞ்சுப் புழுவின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வேருக்குள் புகுந்து அங்கேயே தங்கி, சாற்றை உறிஞ்சும். பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். நம் ஊர் வெயிலில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். புதுக்கோட்டைச் சீமையில் பல இடங்களில் இருக்கிற மணல் கலந்த செம்மண் இதற்கு ரொம்பவும் தோது.

ஒரு எச்சரிக்கை. உளுந்து, தட்டைப்பயறு, அவரை வேரிலும் முடிச்சு இருக்கும். அது நல்ல முடிச்சு, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவது. அதைக் கண்டு பயந்து செடியைப் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள்! நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தேய்த்தால் உதிரும், நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சோ வேரே பருத்தது, தேய்த்தால் போகாது.

இது நேற்று வந்த வியாதி இல்லை. 1901லேயே நீலகிரி தேவாலாவில் தேயிலை வேரில் இதைப் பார்த்து பார்பர் என்ற அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். கொய்யாவைத் தாக்கும் ஒரு வகை, 2016ல் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து பதிவானது. நர்சரிக் கன்றோடு சேர்ந்து வந்துவிடும் ரகம் அது. கொய்யாக் கன்று வாங்கும்போது கூச்சப்படாமல் வேரைக் காட்டச் சொல்லுங்கள்.

"இந்தக் காயைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?" என்று தாய்மார்கள் கேட்பது வழக்கம். தாராளமாகக் கொடுக்கலாம். குழந்தை வயிற்றில் வரும் கீரிப்பூச்சிக்கு இது தூரத்து உறவுதான் என்றாலும், செடியைத் தின்னும் புழு மனிதர் உடம்பில் வாழாது. பயப்பட வேண்டியது புழுவுக்கல்ல, அதைக் கொல்லப் போடும் குருணை மருந்துக்கு. அதில் ஒன்றான போரேட், 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டுவிட்டது. எங்காவது பழைய பொட்டலம் பரணில் கிடந்தால் கீரைப் பாத்திப் பக்கமே கொண்டுவராதீர்கள். குழந்தைகள் நடமாடும் கொல்லையில் எந்தக் குருணையும் வேண்டாம் என்பதே என் கட்சி.

பிறகு என்னதான் செய்வது? முடிச்சு விழுந்த செடியை இனிக் குணப்படுத்த முடியாது. இருக்கிற காயைப் பறித்துக்கொண்டு, வேரோடு எடுத்துக் காயவைத்து எரித்துவிடுங்கள். எருக்குழியில் போட்டால் புழுவை நாமே வளர்த்த கதைதான். அதே பாத்தியில் மறுபடி தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல் வேண்டாம். செண்டுமல்லி போடுங்கள். ஓரத்தில் அழகுக்கு நாலு செடி வைத்தால் பிரயோசனம் கிடையாது. பாத்தி முழுக்க நெருக்கமாக நட்டு இரண்டு மாதமாவது விட வேண்டும். அதன் வேரிலிருந்து வரும் பொருள் பலவகை நூற்புழுக்களுக்கு ஆகாது. பூ சாமி படத்துக்கு ஆச்சு, செடியை மண்ணிலேயே மடக்கி விடலாம்.

அடுத்த நடவுக்குப் பத்து நாள் முந்தி, குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கிக் கலந்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயில் இருக்கிறதே, அதுவும் இலவச மருந்து. பாத்தியைக் கொத்தி, நன்றாக நனைத்து, கண்ணாடி மாதிரி தெரியும் பாலிதீன் தாளை விரித்து ஓரத்தை மண்ணால் மூடி, நாலு முதல் ஆறு வாரம் விட்டால் மேல்மண்ணிலுள்ள புழுக்களில் பெரும்பகுதி வெந்துவிடும். கறுப்புத் தாளில் இந்த அளவு சூடு ஏறாது.

சந்தேகம் தீரவில்லையானால், செடியோரத்து ஈரமண்ணையும் கொஞ்சம் வேரையும் பாலிதீன் பையில் கட்டி, வெயில் படாமல் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள். காய்ந்த மண்ணைக் கொண்டுபோனால் புழு அகப்படாது.