சர்வர் படுத்தால் திருடன் எழுந்துகொள்வான்! - ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வீடுகளுக்கு ஓர் அலசல்

‘உங்களுடைய முந்தைய மாத மின் கட்டணம் அப்டேட் ஆகவில்லை. இன்று இரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே எங்கள் அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்.’

2022-ம் வருஷம் தமிழ்நாட்டில் ஏகப்பட்ட போன்களுக்கு வந்து விழுந்த எஸ்.எம்.எஸ்-ஸின் சாரம் இது. கீழே ஒரு பத்து இலக்க மொபைல் நம்பர். பதறிப்போய் கூப்பிட்டால், அந்தப் பக்கம் ரொம்ப மரியாதையான குரல். ‘நீங்க பணம் கட்டிட்டீங்க சார், ஆனா எங்க சிஸ்டத்துல ஏறல. ஒரு ஆப் அனுப்புறேன், இன்ஸ்டால் பண்ணி பத்தே பத்து ரூபா கட்டுங்க, சரியாகிடும்’ என்பார்கள். அந்த ஆப், எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி உங்கள் போன் திரையை இன்னொருவர் பார்க்க வழி செய்வது. பத்து ரூபாய் கட்டும்போது நீங்கள் அழுத்தும் ஒவ்வோர் எழுத்தும் அவருக்குத் தெரியும். அடுத்த சில நிமிடங்களில் அக்கவுன்ட் காலி.

மின்வாரியமும் காவல்துறையும் திரும்பத் திரும்ப எச்சரித்த பிறகும் இந்த டிரிக் இன்றுவரை சாகவில்லை. ‘படிச்சவங்ககூட எப்படிங்க இதுல விழுறாங்க?’ என்று கேட்பது நமக்கு வழக்கம். கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். ‘சிஸ்டத்துல ஏறல’ என்ற அந்த வார்த்தையை நாம் ஏன் உடனே நம்புகிறோம்? ஏனென்றால், நிஜமாகவே பல தடவை சிஸ்டத்தில் ஏறுவதில்லை!

பயம் பொய்யில்லை... கவுன்ட்டர்தான் பொய்!

அதே 2022-ன் கடைசியை நினைத்துப் பாருங்கள். மின் இணைப்பு எண்ணோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. நவம்பர் 28 முதல் டிசம்பர் 31 வரை மின்வாரியப் பிரிவு அலுவலகங்களில் சிறப்பு முகாம். ‘ஆதார் இணைக்காததால ஆன்லைன்ல பில் கட்ட முடியலை’ என்ற புகார் ஒருபக்கம், ‘சைட்டே ஓப்பன் ஆகலை’ என்ற புலம்பல் இன்னொரு பக்கம். ‘இணைக்கலைன்னா 100 யூனிட் ஃப்ரீ போயிடும்’ என்ற வதந்தி வேறு. கடைசியில் என்ன ஆனது? டிசம்பர் 31 என்ற கெடு ஜனவரி 31 ஆனது. பிறகு பிப்ரவரி 15. அதற்கும் பிறகு பிப்ரவரி 28.

இதில்தான் விஷயமே இருக்கிறது. பயத்தைத் திருடன் உண்டாக்குவதில்லை. கெடு தேதி, திறக்காத வெப்சைட், எடுக்காத போன் இந்த மூன்றும் சேர்ந்து பயத்தை ஏற்கெனவே சமைத்து வைத்திருக்கின்றன. உண்மையான கவுன்ட்டர் மூடிக் கிடக்கும் நேரத்தில், ‘வாங்க சார், நான் முடிச்சுத் தர்றேன்’ என்று பக்கத்தில் ஒரு போலி கவுன்ட்டரைத் திறப்பது மட்டும்தான் அவன் வேலை.

கோவின் தளத்தை மறந்திருக்க மாட்டோம். 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தடுப்பூசிப் பதிவு தொடங்கியதும், கூட்டம் தாங்காமல் தளம் திணறியது. இரண்டாம் அலையின் உச்சம் அது. ஸ்லாட் கிடைக்காமல் நாடே தவித்த அடுத்த சில நாள்களில், ‘இந்த ஆப் மூலம் தடுப்பூசிக்குப் பதிவு செய்யலாம்’ என்று போலி லிங்க்குகள் எஸ்.எம்.எஸ்-ஸில் சுற்றின. கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான ‘செர்ட்-இன்’ அதற்கென்றே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

இது நம் ஊர் சமாசாரம் மட்டுமில்லை. 2024 ஜூலை 19-ம் தேதி ‘கிரவுட்ஸ்டிரைக்’ என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ‘ஹேக் பண்ணிட்டாங்க’ என்பதுதான் அன்று பலருக்கும் முதலில் தோன்றியது. ஆனால், அது ஹேக்கிங்கே இல்லை. ஹேக்கர்கள் வந்தது அதற்குப் பிறகு! ‘பிரச்னையைச் சரிசெய்து தருகிறோம்’ என்று கிரவுட்ஸ்டிரைக் பெயரிலேயே போலி வெப்சைட்டுகளும் மெயில்களும் கிளம்பின. கோளாறு பாதி சேதம் என்றால், கோளாறைச் சொல்லி நடந்தது மீதி.

நம்ம ஏரியாவில் யாருக்கு எந்த பயம்?

2022 ஜனவரி 1-ம் தேதி உருவான ஆவடி காவல் ஆணையரகத்தின் எல்லைக்குள்தான் அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் வருகின்றன. ஆனால், இந்த மூன்று ஊர்களின் பயமும் ஒரே மாதிரியானது இல்லை. மோசடிக்காரர்களும் ஆளுக்கேற்ற பயத்தைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

ஆவடியை எடுத்துக்கொள்ளுங்கள். கனரக வாகனத் தொழிற்சாலை, படையுடைத் தொழிற்சாலை, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப் என்று மத்திய அரசு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த ஊர். இவர்களுக்கு நவம்பர் வந்தால் ‘லைஃப் சர்டிஃபிகேட்’ கவலை. ‘ஜீவன் பிரமாண்’ டிஜிட்டல் சான்றுக்கு ஆப்பில் முகத்தைக் காட்டினால் சில நேரம் ஏற்காது; கைரேகையோ வயதானவர்களுக்குப் பதிவதே கஷ்டம். அந்த நேரம் பார்த்து, ‘பென்ஷன் ஆபீஸ்லேருந்து பேசறோம், உங்க சர்டிஃபிகேட் பெண்டிங், ஓ.டி.பி சொன்னா நாங்களே முடிச்சிடுறோம்’ என்று போன் வந்தால்? பென்ஷன் நின்றுவிடுமோ என்ற பயத்தில் அப்பாக்கள் ஓ.டி.பி-யை வாசித்துவிடுகிறார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன லேத் பட்டறை வைத்திருப்பவருக்கு கரன்ட் போனால் ஒரு ஷிஃப்ட்டே போச்சு. கூடவே ஜி.எஸ்.டி கடைசி தேதி. கணக்குப் பார்க்கும் பையன் ‘போர்ட்டல் சுத்திட்டே இருக்குண்ணே’ என்று சொல்லும் மாலையில், ‘அபராதம் தவிர்க்க இங்கே க்ளிக் செய்யவும்’ என்று மெசேஜ் வந்தால் கை தானாக அங்கே போகும்.

பூந்தமல்லி பக்கம் தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறவர்களுக்கு டிராஃபிக் அபராத பயம். ‘உங்கள் வண்டிக்கு செலான் போடப்பட்டுள்ளது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே ஃபைல் வரும். ‘பரிவாஹன்’ பெயரும் லோகோவும் அச்சு அசலாக இருக்கும். இன்ஸ்டால் செய்தால் உங்களுக்கு வரும் ஓ.டி.பி எல்லாம் அவர்களுக்கும் போகும். எந்த அரசுத் துறையும் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே ஃபைல் அனுப்பி அபராதம் வசூலிப்பதில்லை. செலான் நிஜமா என்று பார்க்க வேண்டுமானால், பரிவாஹன் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும்.

இந்த பயங்களின் மொத்த விலை என்ன? மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது: சைபர் மோசடிகளில் இந்தியர்கள் இழந்தது 2023-ல் சுமார் 7,465 கோடி ரூபாய், 2024-ல் சுமார் 22,845 கோடி. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு!

‘லேட் ஆனா என்ன ஆகும்?’ - கேட்டுப் பாருங்கள்

ஓ.டி.பி சொல்லாதீங்க, லிங்க்கைத் தொடாதீங்க... இந்த அறிவுரைகள் எல்லோருக்கும் மனப்பாடம். பயத்தில் கை நடுங்கும்போது மனப்பாடம் எதுவும் ஞாபகத்துக்கு வராது. அதனால் பயத்தையே நேராகக் கேட்டுவிடலாம். ‘இன்னிக்கு இதைச் செய்யலைன்னா நிஜமா என்ன ஆகும்?’

கரன்ட் பில்: ரீடிங் எடுத்த நாளிலிருந்து பணம் கட்ட 20 நாள் அவகாசம். மின்சாரச் சட்டம் 2003-ன் 56-வது பிரிவு, இணைப்பைத் துண்டிக்கும் முன் 15 முழு நாள்கள் எழுத்துபூர்வ அவகாசம் தரச் சொல்கிறது. அதோடு, நம் வீடுகளில் பொதுவாக ஃபியூஸைப் பிடுங்க ஆள் நேரில் வர வேண்டும். ராத்திரி 9.30 மணிக்கு எங்கிருந்தோ ஒரு பட்டனைத் தட்டிப் பிடுங்குவதில்லை.

யு.பி.ஐ: 2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் நாடு முழுக்க யு.பி.ஐ தடுமாறியது. பணம் நம் கணக்கில் கழிந்து, அவருக்குப் போய்ச் சேரவில்லையா? ரிசர்வ் வங்கி 2019-ல் போட்ட விதிப்படி, தனிநபருக்கு அனுப்பிய பணம் மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது ஐந்து நாள்களுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆனால், பலர் செய்வது என்ன? கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ தேடுவது. அங்கேதான் போலி நம்பர்கள் உட்கார்ந்திருக்கின்றன. ‘ரீஃபண்டுக்கு பின் நம்பர் போடுங்க’ என்பார்கள். பணம் வாங்க யு.பி.ஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகும், வராது.

பென்ஷன்: லைஃப் சர்டிஃபிகேட் தாமதமானால் பென்ஷன் தற்காலிகமாக நிற்கலாம். சான்றைக் கொடுத்ததும் நிலுவையோடு திரும்ப வரும். கஷ்டம்தான். ஆனால், சேமிப்பு மொத்தமும் போவதோடு ஒப்பிட்டால் அது திரும்பி வருகிற கஷ்டம். 80 வயதைத் தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் 1-ம் தேதியிலிருந்தே கொடுக்கலாம் என்பதால், கடைசி நாள் நெரிசலைத் தவிர்க்கவும் வழி இருக்கிறது.

வாக்காளர் பட்டியல்: 2025 நவம்பர் 4-ல் தமிழ்நாட்டில் சிறப்பு தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, ‘படிவம் கொடுக்கலைன்னா ஓட்டே போச்சு’ என்ற பதற்றம் வீட்டுக்கு வீடு இருந்தது. அதையும் வைத்து ஓ.டி.பி கேட்டு அழைப்புகள் வருவதாக எச்சரிக்கைகள் வந்தன. படிவம் கொடுக்க டிசம்பர் 4 என்றிருந்த கெடு, 11 ஆகி, தமிழ்நாட்டுக்கு 14 வரை நீண்டது.

பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். நிஜமான அலுவலகத்தில் ‘இன்னும் அரை மணி நேரத்துல முடிஞ்சுடும்’ என்பது அநேகமாக எதுவுமே இல்லை. அரை மணி நேரக் கெடு வைப்பவர் திருடன் மட்டும்தான். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடியில் போனை வைக்கவே விடாமல் மணிக்கணக்கில் பிடித்து வைப்பதும் இதனால்தான். நாலு பேரிடம் பேசிவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

எல்லாப் பொறுப்பும் நம்ம தலையிலா?

இங்கே நிறுவனங்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. ‘விழிப்போடு இருங்கள்’ என்று சொல்லும் அதே துறைகள், மக்களைக் குழப்பும் காரியங்களையும் செய்கின்றன.

‘அரசுத் தளம் என்றால் கவ் டாட் இன் என்று முடிகிறதா பாருங்கள்’ என்பது நல்ல அறிவுரை. ஆனால், நாம் வருஷக்கணக்கில் மின் கட்டணம் கட்டிவரும் தளமே ‘டி.என்.இ.பி.நெட் டாட் ஆர்க்’! டான்ஜெட்கோ என்று பழகியிருந்த பெயர், 2024-ல் நிறுவனம் பிரிக்கப்பட்டதும் டி.என்.பி.டி.சி.எல் ஆனது. புதுப் பெயரில் மெசேஜ் வந்தால் அது அசலா, போலியா என்று ஆவடியில் இருக்கும் ஒரு பாட்டி எப்படிக் கண்டுபிடிப்பார்?

கெடுவும் அப்படித்தான். கடைசி நாள் வரை ‘நீட்டிப்பு இல்லை’ என்ற தொனியில் பேசிவிட்டு, கடைசி நேரத்தில் நீட்டித்தால், அதற்கு முன்பே பதறி ஓடியவர்கள் எந்த லிங்க்கில் போய் விழுந்தார்கள் என்று யார் கணக்கெடுப்பது? தளம் முடங்கினால், ‘எங்கள் தளம் இப்போது இயங்கவில்லை, உங்களுக்கு அபராதம் வராது, கெடு இத்தனை நாள் தள்ளிப்போகும்’ என்று முதல் மணி நேரத்திலேயே அறிவிக்கலாம். இதற்குப் பெரிய செலவு எதுவுமில்லை. அந்த ஒரு வரி வந்துவிட்டால், போலி கவுன்ட்டருக்குக் கூட்டமே வராது.

ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. டிராய் விதிப்படி, 2025-லிருந்து நிறுவனங்களின் எஸ்.எம்.எஸ் பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்து வருகிறது: அரசு என்றால் ‘ஜி’, சேவை என்றால் ‘எஸ்’, பணப் பரிவர்த்தனை என்றால் ‘டி’, விளம்பரம் என்றால் ‘பி’. பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து ‘அதிகாரி’ அனுப்பும் மெசேஜை அப்படியே டெலிட் செய்ய இது போதும்.

பணம் போயிடுச்சா?

வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை. உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். திருடனின் கணக்கிலிருந்து பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் வங்கிகள் அதை முடக்க வேண்டும் என்பதால் முதல் ஒரு மணி நேரம் ரொம்ப முக்கியம். ‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’ தளத்திலும் புகார் பதியலாம். வங்கிக்கும் அப்போதே சொல்லிவிட வேண்டும். ஓ.டி.பி-யை நாமே கொடுத்திருந்தாலும்கூட, வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. சொல்லத் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் நம் கணக்கில்தான் ஏறும்.

வீட்டில் பெரியவர்கள் ஏமாந்துவிட்டால், ‘உனக்கு எத்தனை தடவை சொல்றது?’ என்று கத்துவதுதான் முதலில் வரும். அந்தத் திட்டுக்குப் பயந்தே பலர் இரண்டு நாள் கழித்துச் சொல்கிறார்கள். அதற்குள் 1930-ஆல் செய்ய முடிந்ததும் கைநழுவிவிடும்.

இந்த வார ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன வேலை செய்யலாம். மீட்டர் பக்கத்தில் இருக்கும் அந்த வெள்ளை அட்டையை எடுத்து, உங்கள் பிரிவு அலுவலக நம்பர், மின்னகம் 94987 94987, சைபர் உதவி எண் 1930 மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பில் கட்டவில்லை என்று மெசேஜ் வந்தால், அப்பா அம்மா அந்த மெசேஜில் இருக்கும் நம்பருக்குப் போடாமல், அட்டையில் இருக்கும் நம்பருக்குப் போடட்டும்.